முகம் சிவக்கும் மாத்திரை

மாத்திரைகள் காகிதப் பொட்டலத்தில் வந்தன. வெள்ளை மாத்திரைகள், நடுவில் ஒரு கோடு, மொத்தம் பதினாறு. பொட்டலத்தைச் சுற்றிப் பீடி கட்டுகிற நூலால் இரண்டு சுற்று. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாதிரி எப்படி வந்து சேர வேண்டும் என்பதற்கு ஒன்றரைப் பக்க விதி உண்டு. மூலப் புட்டியில் வர வேண்டும், அரக்கு முத்திரை இருக்க வேண்டும், தொகுதி எண் தெரிய வேண்டும், அனுப்புகிறவரின் கடிதம் இரண்டு நகல் வேண்டும். அந்தப் பொட்டலம் ஒரு விதியைக்கூட விட்டுவைக்காமல் மீறியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாளையங்கோட்டையில், அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் நான் தலைமை வேதியியலாளர். உணவு, மருந்து, தண்ணீர், எதைக் கொண்டுவந்தாலும் அளந்து சொல்வோம். எங்கள் குடும்பத்தில் ஒரு காலத்தில் வயல்கள் இருந்தன. அப்பா தலையெடுத்தபோது வயல்கள் போய்ப் பட்டங்கள் வந்திருந்தன. எனக்கு விதிப் புத்தகங்கள் வாய்த்தன. எந்தச் சோதனைக்கும் எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று பார்க்காமல் சொல்வேன். என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது.

பொட்டலத்தைக் கொண்டுவந்தவர் முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்து மருந்தகத்தில் மருந்தாளுநர். வயது முப்பத்தைந்து இருக்கும். ஊரில் கம்பவுண்டரம்மா என்று கூப்பிடுவார்களாம். பீடி சுற்றும் பெண்களுக்காக ஒரு தர்மக் கட்டளை அந்த மருந்தகத்தை நடத்தியது. டாக்டர் வாரம் ஒருநாள் வருவார். மற்ற ஆறு நாளும் இவர்தான்.

"கடிதம் எங்கே?" என்றேன்.

"கடிதம் யாரு குடுப்பா மேடம்? என்னைய வேலையை விட்டுத் தூக்கப் போறவுக கிட்டயா கடிதம் கேக்க முடியும்?"

"புட்டியாவது இருக்கா?"

"டப்பாதான் வந்துது. அத குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"பீடி சுத்துத ஒரு அக்காவுக்கு. தூள் போட்டு வைக்க. இறுக்கமான மூடியில்லா, மழைக்காலத்துல தூள் நமுக்காது."

அங்கே அது வழக்கம் என்று தெரிந்தது. மாத்திரை டப்பா வந்து இறங்கிய அன்றே மாத்திரைகளைக் கண்ணாடி ஜாடியில் கொட்டிவிடுவார்கள். காலி டப்பாவுக்கு ஊரில் வரிசை உண்டு. யாருக்கு அடுத்த டப்பா என்பதில் இரண்டு சண்டை, ஒரு பேச்சுவார்த்தை முறிவு எல்லாம் நடந்திருக்கிறது.

"லேபிளாவது டப்பாவில் ஒட்டியிருக்குமே?"

"தண்ணில ஊறப்போட்டு உரிச்சுட்டா மேடம். அவ ரொம்ப சுத்தம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னேன். அவர் சொன்னது இதுதான். பீடி சுற்றும் பெண்கள் பலருக்கு நாக்கு வெந்துபோய், வாயோரம் பிளந்து புண்ணாக இருந்தது. டாக்டர் நிகோடினமைடு மாத்திரை எழுதினார். நியாசின் என்கிற சத்தின் ஒரு வடிவம் அது. கட்டளை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் மாத்திரை பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் போய்விடும் என்பதால், கண் முன்னால் விழுங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று கம்பவுண்டரம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். பெண்கள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து, விழுங்கி, அப்படியே மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற முறமான சுளவையும் பீடிக் கட்டுகளையும் எடுத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போவார்கள். அன்று பதினான்கு பேர்.

"கடைல கட்டு எண்ணிக்கிட்டு இருக்கும்போது ஒருத்திக்கு மொகம் செவந்துருக்கு. பக்கத்துல உள்ளவ, 'ஏட்டி, என்னளா ஒனக்கு மொகம் இப்பிடி செம்பருத்திப் பூவா இருக்கு'ன்னு கேட்டிருக்கா. கேட்டு வாய மூடல, அவளுக்கும் ஏறிட்டு. காது, கழுத்து, நெஞ்சு எல்லாம் எரிச்சல். பதினாலு பேருக்கும் ஒண்ணு போல. கடைக்காரரு அம்மைன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாரு."

"அப்புறம்?"

"ஒரு மணி நேரத்துல எல்லாம் அடங்கிட்டு. ஒருத்திக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா ஊரு அடங்கல. நல்ல மாத்திரைய வெளிய வித்துட்டு, நான் என்னத்தையோ குடுத்துட்டேனாம். வெள்ளிக்கிழமை கட்டளைல விசாரணை. காரியதரிசி ஒரே பிடியா நிக்காரு. வாங்கும்போதே பாளையங்கோட்டைல சோதிச்சு நல்ல மாத்திரைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, அப்ப நடுவுல மாத்துனது யாருங்காரு."

பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டின் நகலை எடுத்து என் மேசையில் வைத்தார். எங்கள் தலைப்பு, எங்கள் எண். லேபிளில் கூறிய அளவுக்கு நிகோடினமைடு உள்ளது, தரமானது. கீழே என் கையெழுத்து.

"இது யாரு கையெழுத்து மேடம்? அவங்கள ஒரு தடவ பாக்க முடியுமா?"

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்" என்றேன்.

கடிதமில்லாத மாதிரியை வாங்குவதற்கு விதிப்புத்தகத்தில் ஒரே ஒரு சந்து உண்டு. தனிநபர் கோரிக்கை, தலைமை வேதியியலாளரின் பொறுப்பில். பதினோரு வருடத்தில் நான் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. அன்று பயன்படுத்தினேன். கிளம்பும்போது கம்பவுண்டரம்மா வாசலில் நின்று திரும்பி, "ஒரு விஷயம் மேடம். மாத்திரை லேசா புளிக்குன்னு ஒருத்தி சொன்னா. சொல்லணும்னு தோணுச்சு" என்றார். குறித்துக்கொண்டேன். புளிப்பு என்பது எங்கள் பதிவேட்டில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத செய்தி. அதனால் பென்சிலில் ஓரமாகத்தான் எழுதினேன்.

மறுநாள் சோதனை. நியாசினை அளக்கிற முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. கரைசலைத் தயார் செய்து, நச்சுக் காற்றை வெளியே இழுத்துவிடுகிற கண்ணாடிப் புகைக்கூண்டுக்குள் வைத்து, சயனோஜன் புரோமைடு என்ற கொடிய பொருளை அதில் சேர்ப்போம். நியாசின் ஒரு வளையம். ஆறு மூலை, அதில் ஐந்தில் கரி, ஒன்றில் நைட்ரஜன். அந்த விஷம் பட்டவுடன் வளையம் நைட்ரஜன் பக்கத்தில் பிளந்து நீளும். நீண்டு கிடக்கிற அந்தச் சங்கிலியின் நுனிகளில் இன்னொரு பொருள் வந்து சேர்ந்துகொள்ளும். அப்போது கரைசல் மஞ்சளாகும். ஒரேயடியாக ஆகாது. கண்ணாடிக் குழாயின் நடுவில் எங்கோ தொடங்கி, பைய விரிந்து, பிற்பகல் நான்கு மணிக்கு ஆற்று மணலில் கிடக்கிற வெளிச்சத்தின் நிறத்துக்கு வந்து நிற்கும். அந்த மஞ்சளின் அடர்த்தியை இயந்திரத்தில் அளந்தால் நியாசின் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எத்தனையோ நாள் அளவு எடுத்து முடித்த பிறகும் அந்தக் குழாயை ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்கள் உதவியாளர், முப்பது வருடமாக அந்தக் கூடத்தின் கண்ணாடிகளைக் கழுவுகிற பெரியவர், எல்லோருக்கும் அண்ணாச்சி, அதைப் பார்த்துவிட்டு, "மேடத்துக்கு இன்னைக்கு மஞ்சக் காப்பா" என்று கேட்பார்.

அன்றும் மஞ்சள் வந்தது. அளவு பழைய ரிப்போர்ட்டில் சொன்னதற்கு இம்மி குறையவில்லை.

அண்ணாச்சி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மாத்திரை சுத்தமாத்தான இருக்கு?"

"ஆமாம்."

"அப்ப அந்தப் பிள்ளைக்குத்தான் கெடுதல். மாத்திரை நல்லதுன்னா குடுத்தவ கெட்டவன்னுல்லா ஆகுது."

அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ரிப்போர்ட்டின் வாசகம் ஏற்கனவே மனதில் தட்டச்சாகிவிட்டது. மாதிரி தரமானது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மையோடு அந்தப் பெண் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போவார். கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினேன். நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் காப்பிக்கொட்டை வறுக்கிற கடையில் நின்றேன். அரைக் கிலோ வாங்க வேண்டும். வறுபடுகிற வாசனை தெருவை முழுக்க மூடியிருந்தது. பச்சைக் கொட்டையில் டிரைகோனெலின் என்று ஒன்று இருக்கிறது. வெந்தயத்திலும் அதுதான் இருக்கிறது. அதுவும் அதே ஆறு மூலை வளையம்தான், நைட்ரஜனின் தலையில் மட்டும் ஒரு சின்னச் சுமை. உருளை சுற்றச் சுற்ற, சூடு ஏற ஏற, அந்தச் சுமை கழன்று விழும். மிஞ்சுவது நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின். நம் ஊர் ஜனங்கள் ஒரு தம்ளர் காப்பிக்குள் கொஞ்சம் வைட்டமினையும் சேர்த்தே குடிக்கிறார்கள், யாரும் எழுதித் தராமலே.

இதை நான் நூறு தடவை நினைத்திருக்கிறேன். நினைத்துச் சந்தோஷப்படுகிற விஷயங்களில் இதுவும் ஒன்று. புகையிலையின் நிகோடினையும் நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் கடைசியில் இதே அமிலத்தில்தான் வந்து நிற்கும். பீடிக்குள் இருக்கிற விஷமும் பீடி சுற்றுகிறவளின் நாக்குப் புண்ணை ஆற்றுகிற மருந்தும் ஒரே வளையத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எதை எரித்தாலும், எதை வேகவைத்தாலும், சுற்றிச் சுற்றி இந்த அமிலத்துக்கே வந்துவிடுகிறது. அந்தக் கடை வாசலில், வாசனையில் பாதி மயங்கி, இதை இப்படியே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

எதை வேகவைத்தாலும்.

நான் கையாண்ட முறையில் நான்காவது படி: மாதிரியை அமிலத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கவும்.

அது மாவுக்கும் தவிட்டுக்கும் ஏற்பட்ட முறை. தானியத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் நியாசினை விடுவிக்க அப்படிக் கொதிக்கவைக்க வேண்டும். உணவுப் பிரிவில் அதற்கான கரைசல்கள் எப்போதும் தயாராக இருக்கும், அதனால் மாத்திரைகளுக்கும் அதையே செய்வது எங்கள் பழக்கமாகிவிட்டது. நியாசினுக்கு இரண்டு முகம். ஒன்று நிகோடினிக் அமிலம், இன்னொன்று நிகோடினமைடு. வளையத்தின் ஓரத்தில் ஒரு சிறு வால் மட்டும் வேறு. மூலக்கூறு எடையில்கூட ஒன்று நூற்றிருபத்து மூன்று, மற்றது நூற்றிருபத்திரண்டு. அமிலத்தில் ஒரு மணி நேரம் கொதித்தால் அமைடு தன் வாலை விட்டுவிட்டு நிகோடினிக் அமிலமாகிவிடும். ஏற்கனவே அமிலமாக இருந்தது அமிலமாகவே இருக்கும். இரண்டு குழாயிலும் ஒரே மஞ்சள். எது வந்தாலும் நான் அதைக் கொதிக்கவைத்து ஒரே பொருளாக்கி, பிறகு மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பெயர்? பெயரை எப்படி எழுதினேன்? கட்டளைக்காரர்கள் அளவு மட்டும் போதும் என்று கேட்டிருந்தார்கள். உள்ளே இருப்பது எந்தப் பொருள் என்று பார்க்கிற அடையாளச் சோதனைக்கான கட்டத்தை அவர்கள் விண்ணப்பத்தில் நிரப்பவில்லை. அப்படி வருகிற மாதிரிகளுக்கு அளவை இயந்திரத்திலிருந்தும் பெயரை லேபிளிலிருந்தும் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

"அம்மா, பொடி ரொம்ப நைசா வேணுமா?" என்று கடைக்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு முகத்துக்கும் சத்து ஒன்றுதான். ஒரு வேறுபாடு உண்டு, பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் படித்தது. அமிலத்தைக் கொஞ்சம் கூடுதலாக, வெறும் வயிற்றில் விழுங்கினால் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் எல்லாம் திறந்துகொள்ளும். முகம் சிவக்கும், எரியும், அடங்கிவிடும். அமைடு அப்படிச் செய்யாது.

மாதிரியைத் தின்பதற்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை. மறுநாள் விடியற்காலை, காப்பிகூடக் குடிக்காமல், முந்தின இரவே கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பொட்டலத்திலிருந்து எடுத்து வந்த மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறி குறுக்குத்துறையில் இறங்கி ஆற்றுக்கு நடந்தேன். நாக்கில் பட்டபோது புளித்தது. வீட்டில் இருந்திருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். ஆற்றங்கரையில் யாரும் யாருடைய முகத்தையும் உற்றுப் பார்ப்பதில்லை என்று நம்பினேன்.

பனி இன்னும் தண்ணீர் மேல் படிந்திருந்தது. அக்கரை மருத மரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்பது போல் இருந்தன. கல்மண்டபத்தின் படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு காது மடல்களில் யாரோ மூச்சு விட்டது போல ஒரு வெதுவெதுப்பு. அது கழுத்துக்கு இறங்கியது. இறங்கி, தோள்களில் பரவி, மறுபடி மேலே ஏறி, கன்னத்தில் நின்று எரிந்தது. புடவையின் நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கைகளைப் பார்த்தேன். செங்கல் நிறம். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அந்த வயதில் முகம் சிவப்பதற்கு வேறு சந்தர்ப்பம் எதுவும் தேடி வருவதில்லை.

பயப்படுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். பயம் வரவில்லை. ஆற்றில் இறங்கி முழங்கால் வரை நின்றேன். கீழே மலையிலிருந்து வருகிற குளிர், மேலே நானே ஒரு அடுப்பு. இரண்டுக்கும் நடுவில் உடம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தண்ணீர் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. ஏதோ ஒரு வளையம் திறந்து, நீண்டு, கீழே ஏரல் வரைக்கும், கடல் வரைக்கும் போவது போல் இருந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று சொல்ல முடியாது. கடிகாரம் கையில் இருந்தும் பார்க்கவில்லை, என் வாழ்க்கையில் இது அபூர்வம்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் என்னை எழுப்பினார்.

"எம்மா, என்னத்தத் தேச்சுட்டு வந்தீக? மொகம் பூரா குங்குமமால்லா இருக்கு?"

"ஒரு மாத்திரை சாப்பிட்டேன்."

"அடி ஆத்தே. எந்தக் கடைல?" என்றார், கொஞ்சம் ஆசையோடு.

எட்டரைக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். சிவப்பு போயிருந்தது. ஆனால் ஒரு நாக்கும் ஒரு முகமும் சாட்சியாகாது. ஒரு சோதனைக் குழாயில் மாத்திரைப் பொடி, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு, கீழே தீ. அமைடாக இருந்தால் அமோனியா ஆவி வர வேண்டும், குழாய் வாயில் பிடித்த சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக வேண்டும். கல்லூரி முதல் வருடத்தில் செய்கிற சோதனை. தாள் சிவப்பாகவே இருந்தது. அலமாரியில் இருந்த சுத்தமான நிகோடினமைடைப் பக்கத்துக் குழாயில் கொதிக்க வைத்தேன். உடனே மூக்கைத் துளைத்துக்கொண்டு அமோனியா, தாள் நீலம். மாத்திரையைத் தண்ணீரில் கலக்கி நீல லிட்மஸைத் தோய்த்தேன். சிவந்தது. அந்தப் பீடி சுற்றுகிற பெண்ணின் நாக்கு என்னுடைய இயந்திரத்தைவிடச் சரியாகச் சொல்லியிருந்தது.

பொட்டலத்து மாத்திரை நிகோடினிக் அமிலம். ஆனால் இது அவரைக் காப்பாற்றாது. நடுவில் மாற்றிவிட்டார் என்றுதானே குற்றச்சாட்டு. டப்பா வந்தபோதே உள்ளே இருந்தது இதுதான் என்று காட்ட வேண்டும். அதற்கான சாட்சி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. சோதனைக்கு வருகிற எல்லா மாதிரியிலும் ஒரு பகுதியை முத்திரையிட்டு நாங்கள் வைத்துக்கொள்வோம். கட்டளைக்காரர்கள் டப்பா வாங்கும்போது அனுப்பிய மாத்திரைகளில் பத்து, என் அறை அலமாரியில், என் அரக்கு முத்திரையின் கீழ் இருந்தன.

முத்திரையை உடைக்க இயக்குநரின் அனுமதி வேண்டும். இயக்குநர் நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, அந்த இரண்டு வருடத்தையும் அவர் ஒரு தட்டில் பால் போலத் தாங்கி நடந்துகொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கும்மா அதை உடைக்கணும்? அளவு கேட்டாங்க, அளவு சரியா இருக்கு, சரியா இருக்குன்னு எழுதுங்க. இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்லை சார்."

"பின்ன?"

"அந்தம்மாவுக்கு வேலை போயிடும்."

"வேலை போகுதது கட்டளையோட முடிவு. நம்ம ரிப்போர்ட்டுல அப்படியா எழுதுதோம்?" எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். "உடைச்சா என்ன வரும்னு உங்களுக்குத் தெரியுது."

"தெரியும் சார்."

"அப்ப ரெண்டு ரிப்போர்ட். ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எதை நம்பச் சொல்லுதீங்க?"

"ரெண்டாவதை."

"கோட்டிக்காரத்தனம்" என்றார். ஆனால் அனுமதித் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நான் ஊர்ல இல்லாதப்ப போட்டதா வச்சுக்கலாமா?" என்று கேட்டார். அவரே எழுதியிருந்த தேதியைக் காட்டினேன். பெருமூச்சு விட்டார்.

அண்ணாச்சிதான் அரக்கை உடைத்தார். குழாயில் அந்த மாத்திரை கொதித்தபோது நாங்கள் இரண்டு பேரும் லிட்மஸ் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலமாகிவிட்டால் என் பழைய ரிப்போர்ட் தப்பிக்கும், கம்பவுண்டரம்மா மாட்டிக்கொள்வார். ஒரு கணம், மிகச் சிறிய ஒரு கணம், நீலமாகட்டும் என்று நினைத்தேன். இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

தாள் சிவப்பாகவே இருந்தது.

"மாறலயே" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

"மாறாது."

வெளியிட்ட அறிக்கையைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு படிவம் உண்டு. அச்சடித்த கட்டு பிரிக்கப்படாமலே பீரோவின் அடித்தட்டில் கிடந்தது, மேலே கரப்பான் முட்டைகள். அதில் 'பிழைக்கான காரணம்' என்று ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். பிழை செய்தவர்கள் சுருக்கமாகப் பேசுவார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. எழுதினேன்: பொருளின் பெயர் சோதிக்கப்படாமல் லேபிளிலிருந்து எடுத்து எழுதப்பட்டது. கூடவே புதிய அறிக்கை. கட்டளைக்கு வாங்கும்போதே வந்து சேர்ந்தது நிகோடினிக் அமிலம், மருந்தகத்தில் கொடுக்கப்பட்டதும் அதுவே. வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சியே பஸ் ஏறிக் கொண்டுபோய் காரியதரிசியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் என்னைத் தண்ணீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் கிணறுகளின் உப்பை அளந்தேன். அதைப் பற்றி எனக்குக் குறையில்லை, தண்ணீர் தன் பெயரை மாற்றிச் சொல்வதில்லை.

கம்பவுண்டரம்மாவின் வேலை பிழைத்தது, அரைகுறையாக. கட்டளை ஒரு நிபந்தனை போட்டது. அந்தப் பதினான்கு பெண்களும் மருந்தகத்துப் பக்கமே வருவதில்லை. புது மாத்திரை வந்த பிறகும் அவர்கள் வராவிட்டால் மருந்தகத்தை மூடிவிடுவார்கள், அவரும் போக வேண்டியதுதான். தொலைபேசியில் சொன்னார். "நீங்க ஒரு தடவ வந்து சொன்னா கேப்பாளுக மேடம். என்ன நம்ப மாட்டேங்காளுக."

என்னை மட்டும் எதற்கு நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை விடியும் முன்னே கிளம்பிப் போனேன். புது டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்து நானே கொதிக்க வைத்து, அமோனியாவை நானே மோந்து பார்த்து அனுப்பியிருந்தேன்.

மருந்தகத்தின் முற்றத்தில் ஒரு வேப்பமரம். பெண்கள் சுளவுகளோடு வந்து தள்ளி நின்றார்கள். கம்பவுண்டரம்மா ஒரு மாத்திரையை எடுத்து எல்லோரும் பார்க்க விழுங்கினார். நானும் ஒன்றை விழுங்கினேன். கசந்தது, புளிப்பு இல்லை. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். வயதில் மூத்தவர் ஒருவர், "அவுக மட்டும் செத்தா நல்லாவா இருக்கும்" என்று கையை நீட்டினார். அதற்குப் பிறகு வரிசை வந்தது.

அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். யாரும் பீடிக்கடைக்குப் போகவில்லை. மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். பதினாறு பேர், எல்லோர் கண்ணும் எல்லோர் முகத்திலும். வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. வெயில் முற்றத்துக்குள் ஒரு முழம் வந்து, இன்னொரு முழம் வந்தது. எங்கோ ஆற்றுப் பக்கம் பம்ப்செட் ஓடுகிற சத்தம் காற்று திரும்பும்போது மட்டும் கேட்டது. ஒருத்தி தன் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உடனே மற்ற பதின்மூன்று பேரும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கம்பவுண்டரம்மா என் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக நான் அவ்வளவு நேரம் கண் இமைக்காமல் காத்திருந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

நாற்பது நிமிடம் ஆனது.

"ஒண்ணத்தையும் காணோமே" என்றாள் ஒருத்தி.

"எனக்கும் இல்லக்கா."

"ஏளா, இதுல சத்து இல்ல போல" என்றார் மூத்தவர். "அன்னைக்கு எரிஞ்சுதுல்லா, அதான் வேலை செய்யுத மாத்திரை. இது வெறும் சுண்ணாம்பு."

"ஆமா, என் வாய்ப்புண்ணு அந்த ஒரு மாத்திரைலதான் வாடுச்சு."

நான் எழுந்து விளக்க முயன்றேன். இரண்டும் ஒரே சத்துதான், ஒரே வளையம்தான், ஓரத்து வால் மட்டும்தான் வேறு, புண் இரண்டிலும் ஆறும் என்று சொன்னேன். மிக மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் மூத்தவர் கம்பவுண்டரம்மாவின் பக்கம் திரும்பி, "அந்தச் செவத்த மாத்திரை மிச்சம் கெடந்தா குடும்மா" என்றார்.

"மாத்திரை வெள்ளைதான் பெரியம்மா. நீங்கதான் செவந்தீங்க" என்றார் கம்பவுண்டரம்மா. "போன மாசம் என்னக் கொல்ல வந்தீங்க. இன்னைக்கு அதையே கேட்டு நிக்கீங்களா?"

"நாங்க எப்ப கொல்ல வந்தோம்? கேக்கத்தான வந்தோம்."

"அருவாமனையோடயா கேக்க வந்தீங்க?"

"அது, இவ மீனு அரிஞ்சுக்கிட்டு இருந்தா, அப்படியே ஓடியாந்துட்டா" என்று ஒருத்தி சொல்ல, வட்டம் முழுவதும் சிரித்து உடைந்தது. எரிகிறதா என்று பார்த்துப் பார்த்து இறுகிப்போயிருந்த முகங்கள், சிரிப்பில் சிவந்தன.

கம்பவுண்டரம்மா சிரிக்கவில்லை. நோட்டை மடியில் விரித்து, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, "சத்து இருக்கா இல்லையான்னு பதினஞ்சு நாள் தின்னுட்டுச் சொல்லுங்க. நாளைக்கு வருதவ பேரச் சொல்லுங்க" என்றார்.

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.